தெரிகிறது... ஆனால் என்ன தெரிகிறது?

(இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன்)

இந்த ஆண்டு மலரில் வேட்டைத் துப்பாக்கியின் தொலைநோக்கியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி வனவிலங்கை வேட்டையாடுவது குற்றம். ஆனால் அந்தத் துப்பாக்கியின் மேல் பொருத்துகிற தெர்மல் ஸ்கோப் இருக்கிறதே, அது முழுக்க முழுக்க நம் சென்சார் பாடம். அதன் விலைப்பட்டியலைப் படிக்கத் தெரிந்தால் வேறு எந்தக் கருவியையும் எடை போடலாம்.

இந்த எண்ணம் எனக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு துணை மின் நிலையத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் இன்ஜினியர் சார் கையடக்கமான தெர்மல் கேமரா ஒன்றைக் கொடுத்தார. லூஸான கனெக்டர் சூடாகும். சூடான இடம் திரையில் வெள்ளையாகத் தெரியும். எனக்கு ஒரே குஷி. கேமராவை யார்டின் கடைசிவரை திருப்பினேன். வேலியோரம் வெள்ளையாக ஒரு உருண்டை.

"நாய் படுத்திருக்கு சார்" என்றேன்.

சார் சிரிக்கவில்லை. "போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். என் அம்மாவும் கூலிக்குக் களை எடுப்பவர்தான். இதேபோலத்தான் உட்காருவார். அன்று என் கையில் இருந்தது வெறும் கேமரா. துப்பாக்கியாக இருந்திருந்தால்?

இருட்டில் எப்படித் தெரிகிறது?

சூடுள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. 2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், எந்த அலைநீளத்தில் கதிர் உச்சம் என்பது மைக்ரானில் கிடைக்கும். இது வீன் விதி. உடல் சூடு சுமார் 310 கெல்வின். வகுத்துப் பாருங்கள், 9.3 மைக்ரான் வரும். அதனால்தான் தெர்மல் கேமராக்களின் சென்சாரை 8 முதல் 14 மைக்ரான் வரை உணரும்படி செய்கிறார்கள். இந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடி வழியே போகாது. ஆகவே லென்ஸை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலைப்பட்டியல் சொல்வது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றிகள் பயிரை நாசம் செய்கின்றன. தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்துடன் அவற்றை இரவிலும் சுடலாம். 2019 முதல் அதற்கு வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை. இப்படிப்பட்ட இரவு வேட்டைக்காகவே விற்கப்படும் உயர்தர ஸ்கோப்களில் ஒன்று, லிதுவேனியா நாட்டு நிறுவனத்தின் பல்சர் தெர்மியான் 2 எல்ஆர்எஃப் எக்ஸ்பி50 ப்ரோ. விலையோ ஆயிரக்கணக்கான டாலர்!

அதன் விவரங்கள்: சென்சாரில் 640-க்கு 480 பிக்சல், ஒரு பிக்சலின் அளவு 17 மைக்ரான், லென்ஸின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர், 25 மில்லிகெல்வினுக்கும் குறைந்த உணர்திறன், 2 முதல் 16 மடங்கு உருப்பெருக்கம், கண்டறியும் தூரம் 1,800 மீட்டர்.

படித்தவுடன் என்ன தோன்றுகிறது? "அடேங்கப்பா, ரெண்டு கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற பன்னிகூடத் தெரியுமா?" அங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

17 மைக்ரானை 50 மில்லிமீட்டரால் வகுத்தால் 0.34 மில்லிரேடியன். அதாவது 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் 3.4 சென்டிமீட்டர் இடத்தைப் பார்க்கிறது. 1,800 மீட்டரில் அதே பிக்சல் பார்ப்பது 61 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் 1.8 மீட்டர் உயர மனிதர் நின்றால், தலை முதல் கால் வரை மூன்றே மூன்று பிக்சல்! முகம் ஏது, கை ஏது?

1958-இல் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். பிக்சல் கணக்கில் தோராயமாகச் சொன்னால், உருவத்தின் குறுகிய பக்கத்தில் 2 பிக்சல் விழுந்தால் "ஏதோ இருக்கிறது" எனலாம். 8 பிக்சல் விழுந்தால் மனிதரா, விலங்கா, வண்டியா என்று சொல்லலாம். 13 பிக்சல் விழுந்தால் இன்னதென்றே சொல்லலாம்.

பன்றியின் உயரம் 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஸ்கோப்பில், ஏதோ இருக்கிறது என்று தெரிவது சுமார் 1,100 மீட்டர் வரை. என்ன வகை என்று தெரிவது சுமார் 275 மீட்டர் வரை. பன்றிதான், கன்றுக்குட்டி அல்ல என்று தெரிவது சுமார் 170 மீட்டர் வரைதான்!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜான்சனின் அளவுகோல் சரியாகச் சொல்வதற்கு 50 சதவீத வாய்ப்பு என்ற நிலைக்கானது. அதாவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி. மேலும், குத்துக்காலிட்டு உட்கார்ந்த மனிதரின் உயரமும் ஏறக்குறைய அந்த 75 சென்டிமீட்டர்தான். துணை மின் நிலையத்தில் நான் செய்த தவறு இப்போது புரிகிறதா?

மற்ற எண்கள்

16 மடங்கு உருப்பெருக்கம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இதில் லென்ஸ் தருவது 2 மடங்குதான். மிச்சம் டிஜிட்டல் ஜூம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை பிளக்ஸ் பேனராக அடித்தால் முகம் பெரிதாகும், தெளிவு வராது. அதே கதைதான்.

25 மில்லிகெல்வின் என்பது ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்கு. இது நிஜமாகவே நல்ல குணம். பனியிலும் ஈரக்காற்றிலும் சூட்டு வித்தியாசம் மங்கும்போது கைகொடுக்கும். ஆனால் பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டாது. பகலில் காய்ந்த பாறை இரவிலும் வெள்ளையாக மின்னும் என்பதையும் மறக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், இதில் காசு கொடுக்கத் தகுந்த அம்சம் லேசர் தூரமானி. உருவம் 170 மீட்டருக்கு உள்ளேயா வெளியேயா என்று அது சொல்லிவிடும். வெளியே என்றால் விரலை எடுத்துவிட வேண்டும்.

தவறினால் என்ன நஷ்டம்?

கோவை மதுக்கரையில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகளைக் காக்க, கோபுரங்களில் தெர்மல் கேமரா பொருத்திய எச்சரிக்கை முறை 2024-இல் தொடங்கப்பட்டது. அங்கே "ஏதோ பெரிசா வருது" என்று தெரிந்தாலே போதும், ரயிலை மெதுவாக்கலாம். வந்தது யானை இல்லை என்றால் சில நிமிடத் தாமதம், அவ்வளவுதான். துப்பாக்கியில் தவறினால் திருத்தவே முடியாது. சென்சார் ஒரே இனம்தான். தவறுக்கு நாம் கொடுக்கிற விலைதான் வேறு. எந்தக் கருவியை மதிப்பிடும்போதும் முதலில் அந்த விலையைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். லீவில் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, நான் களை எடுக்கையில அதுல பார்த்தா மனுஷின்னு தெரியுமா?" என்றார்.

"நூறு, நூத்தம்பது மீட்டருக்குள்ள இருந்தா தெரியும்மா."

"அதுக்கு அந்தாண்ட இருந்தா?"

"கிட்டப் போய்த்தாம்மா பார்க்கணும்."

நண்பர்களே, நாளை நம்மில் பலர் கருவிகளைச் செய்வோம், விற்போம், வாங்கச் சிபாரிசும் செய்வோம். விலைப்பட்டியலில் பெரிய எண்ணைக் கண்டதும் மயங்காமல், ஒரு தாளும் பேனாவும் எடுத்து வகுத்துப் பாருங்கள். அந்த மூன்று பிக்சலுக்குள் நம் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.