பன்னிருவரைத் தெரிவது எவ்வாறு?

ஒரு நாட்டிலே கூடைப்பந்து விளையாடும் ஆடவர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்; இலட்சக்கணக்கிலும் இருக்கலாம். ஆனால், அந்நாட்டின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து ஒலிம்பிக் விழாவுக்குச் செல்வோர் பன்னிருவர் மட்டுமே. அப்பன்னிருவரையும் தெரிவு செய்பவர் யார்? எந்த அளவுகோல் கொண்டு அளக்கின்றனர்? பேர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் விலக்கப்பட்டார் என்றறிந்ததும் மக்கள் முணுமுணுக்கின்றனரே, அம்முணுமுணுப்பிலே நியாயம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண, இவ்விளையாட்டின் தாயகமாகிய அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் பெரிதும் உதவும். தெரிவு முறைகள் பலவற்றை அந்நாடு ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கொண்டு, ஒவ்வொன்றின் நன்மையையும் தீமையையும் கண்டிருக்கிறது.

முதலில் ஆட்டத்தின் இயல்பை நோக்குவோம். 1891ஆம் ஆண்டின் இறுதியில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் தம் மாணவர் குளிர்காலத்தில் மண்டபத்தினுள்ளே விளையாடுதற்கென இதனை அமைத்தார். இன்று ஓரணியில் ஐவர் களத்தில் நிற்பர்; மற்றையோர் பக்கத்திலே காத்திருப்பர். சர்வதேச ஆட்டம் 40 நிமிடம் நடைபெறும். ஐந்து தவறுகள் இழைத்தவர் அவ்வாட்டத்தினின்றும் நீங்க வேண்டும். ஆதலால், காத்திருப்போரும் களத்தில் நிற்போரைப் போலவே தேவையானவர்கள். பந்தை நடத்திச் செல்பவர் ஒருவர். தொலைவிலிருந்து குறி தவறாது எறிபவர் ஒருவர். கூடையின் கீழ் நின்று எதிரியைத் தடுப்பவர் ஒருவர். எறிவதிலே வல்லவர் ஐவரை ஒருங்கே நிறுத்தினால், பந்து ஒன்றே ஆதலின், நால்வரின் திறமை வாளாவிருக்கும். தெரிவுக்குரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஆரம்பத்தில் அமெரிக்கர் இச்சிக்கலை எளிய வழியொன்றால் தீர்த்தனர். தனி மனிதரைத் தேடாது, பழகிய அணிகளையே மோதவிட்டு, வென்றோரை அனுப்பினர். ஆடவர் கூடைப்பந்து ஒலிம்பிக் விழாவில் முதன்முறையாக உத்தியோகபூர்வமாக இடம்பெற்றது 1936இல், பேர்லின் நகரில். அதற்கு முன்னர் நியூயோர்க்கில் நடந்த தெரிவுப் போட்டியில், யுனிவர்சல் திரைப்பட நிறுவனத்தின் அணி முதலிடமும், கன்சாஸ் மாநிலத்து மக்பேர்சன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் அணி இரண்டாமிடமும் பெற்றன. முன்னதிலிருந்து எழுவரும், பின்னதிலிருந்து அறுவரும், பல்கலைக்கழக மாணவர் ஒருவருமாகப் பதினால்வர் சென்றனர். திறந்தவெளியிலே மழையில் நனைந்த களத்தில் நடந்த இறுதியாட்டத்தில் கனடாவை 19க்கு 8 என்ற புள்ளிகளால் வென்றனர். 1948இல் லண்டனுக்குச் சென்ற அணியும் இவ்வாறே, பிலிப்ஸ் எண்ணெய் நிறுவனத்து ஐவரையும் கென்டக்கிப் பல்கலைக்கழகத்து ஐவரையும் அடிப்படையாகக் கொண்டிருந்தது. அவ்வணியில் இடம்பெற்ற டொன் பார்க்ஸ்டேல், அமெரிக்க ஒலிம்பிக் கூடைப்பந்து அணியிற் சேர்ந்த முதற் கறுப்பினத்தவர். தெரிவு என்பது திறமையை மட்டுமன்றி, ஒரு சமுதாயம் யாருக்குக் கதவைத் திறக்கிறது என்பதையும் காட்டும் என்பதற்கு இது சான்று.

அக்காலத்தில் ஊதியம் பெற்று விளையாடுவோர் ஒலிம்பிக் விழாவில் பங்குபற்ற இயலாது. ஆகவே, காலப்போக்கில் பல்கலைக்கழக மாணவரே அமெரிக்க அணியின் பெரும்பகுதியாயினர். 1972இல் மியூனிக் நகரில் இவ்விளைஞர் அணி, பலமுறை சர்வதேசக் களங்கண்ட சோவியத் அணியிடம், சர்ச்சைக்குரிய இறுதி மூன்று வினாடிகளில், 51க்கு 50 என்று தோற்றது. அதற்கு முன் ஒலிம்பிக்கில் அமெரிக்கா ஓர் ஆட்டத்திலேனும் தோற்றதில்லை.

மாணவரைத் தெரிவு செய்தலின் கடுமையை 1984ஆம் ஆண்டு நன்கு காட்டியது. பயிற்றுநர் பொப் நைட், இந்தியானா மாநிலத்துப் புளூமிங்டன் நகருக்கு 70க்கும் மேற்பட்ட இளைஞரை அழைத்து ஆட்டங்கள் நடத்தினார். கட்டங் கட்டமாகப் பலர் திருப்பியனுப்பப்பட்டனர். அவ்வாறு வீடு திரும்பியோருள் சார்ள்ஸ் பார்க்லி, ஜோன் ஸ்டொக்டன், கார்ல் மலோன் ஆகிய மூவரும் அடங்குவர். பிற்காலத்தில் இம்மூவரும் உலகப் புகழ் பெற்றனர். அப்படியாயின் நைட் பிழை செய்தாரா? மைக்கல் ஜோர்டன் முதலியோரைக் கொண்ட அவருடைய அணி, இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 96க்கு 65 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அவர் தேடியது தம் ஆட்டமுறைக்குப் பொருந்துவோரை. விலக்கப்பட்டோர் குறைந்தவர்கள் அல்லர் என்பதும், தெரியப்பட்ட அணி நிறைவானது என்பதும் ஒருங்கே உண்மையாயின.

1988இல் சியோல் நகரில் மாணவர் அணி அரையிறுதியிலே சோவியத் அணியிடம் மீண்டும் தோற்றது. மறுவருடம் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம், தொழில்முறை ஆட்டக்காரரையும் அனுமதிக்க 56க்கு 13 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. அதன்பின் தெரிவுக் குழுவொன்று பெயர்களைக் கூடி ஆராய்ந்து அழைக்கும் முறை தலையெடுத்தது. 1992இன் பார்சலோனா விழாவுக்கெனப் பத்துப் பெயர்கள் 1991 செப்டெம்பரிலும், எஞ்சிய இரண்டு 1992 மே மாதத்திலும் அறிவிக்கப்பட்டன. 1984இல் திருப்பியனுப்பப்பட்ட மூவரும் இப்போது உள்ளே வந்தனர். ஆனால், 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளிலும் டிட்ரொயிட் அணி வெற்றிவாகை சூடியபோது அதன் தலைவராயிருந்த ஐசேயா தோமஸ் வெளியே நின்றார். நாட்டணியின் பயிற்றுநரோ அதே டிட்ரொயிட் அணியைப் பயிற்றியவர்! தோமஸ் விலக்கப்பட்டமை பற்றிய விவாதம் பல்லாண்டு ஓயவில்லை. மூடிய அறையிலே நடைபெறும் தெரிவுக்கு இது நீங்காத குறை: களத்தில் நிகழும் தெரிவில் தோற்றவர் தம் தோல்வியைத் தாமே காண்பார், அறையினுள் நிகழும் தெரிவில் காரணத்தை ஊகிக்கவே முடியும்.

பார்சலோனாவில் ஈட்டிய மாபெரும் வெற்றி ஒரு தப்பெண்ணத்தையும் வளர்த்தது. பெரும் பெயர்களைத் திரட்டினால் போதும் என்று பலர் கருதலாயினர். 2002இல் இந்தியானாபொலிசில் நடந்த உலகப் போட்டியில், தன் சொந்த மண்ணிலேயே அமெரிக்கா ஆறாமிடத்துக்குத் தாழ்ந்தது. 2003இல் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டியில் ஆடிய பன்னிருவருள் மூவர் மட்டுமே மறுவருடம் ஏதென்ஸ் சென்றனர். மற்றை ஒன்பது இடங்களும் புதியவரால் நிரப்பப்பட்டன. அவ்வணி புவேர்ட்டோ ரிக்கோவிடம் 92க்கு 73 என்று தோற்றது, லித்துவேனியாவிடம் தோற்றது, அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவிடமும் தோற்று வெண்கலப் பதக்கத்தோடு திரும்பியது. தங்கம் வென்ற ஆர்ஜென்டீன வீரருட் பலர் இளமை முதல் ஒன்றாக ஆடி வளர்ந்தவர்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்பதை மற்றவர் திரும்பிப் பாராமலே அறிவார். அத்தகைய அறிவு சில வாரப் பயிற்சியால் வருவதன்று.

இத்தோல்வி தெரிவு முறையையே மாற்றியது. 2005இல் ஜெரி கொலாஞ்சலோ என்பவரிடம் முழுப்பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. குழு வாக்களிக்கும் வழக்கம் நீங்கி, ஒருவரே பொறுப்பேற்று விடை கூறும் வழக்கம் வந்தது. அவர் பெருந்தொகை ஆட்டக்காரரைப் பட்டியலிற் சேர்த்து, மூன்றாண்டுக் காலம் அணிக்கென நேரம் ஒதுக்குமாறு அவர்களிடம் வாக்குறுதி கேட்டார். பயிற்றுநராக மைக் ஷெஷெவ்ஸ்கி நியமிக்கப்பட்டார். உடனே பலன் கிட்டவில்லை. 2006இல் யப்பானில் நடந்த உலகப் போட்டியின் அரையிறுதியில் அவ்வணி கிரேக்கத்திடம் தோற்றது. ஆயினும் முறையைக் கைவிடவில்லை. 2008இல் பெய்ஜிங்கில், ஸ்பெயினை 118க்கு 107 என்று வென்று தங்கத்தை மீட்டது. அன்று தொடங்கி 2024இன் பாரிஸ் விழா வரையும் ஐந்து ஒலிம்பிக் விழாக்களிலும் தங்கம் அந்நாட்டுக்கே உரியதாயிற்று.

எனினும், புதிய இடர்கள் தோன்றியே வருகின்றன. 2017 முதல் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்கள், தொழில்முறைப் போட்டிகள் நடைபெறும் மாதங்களிலும் வைக்கப்பட்டன. பெரிய அணிகளின் வீரர் அப்போது வர இயலாமையால், 2019ஆம் ஆண்டின் கிண்ணத்துக்கான தகுதியை அமெரிக்காவுக்குப் பெற்றுத் தந்தவர்கள் கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியோரே. சீனாவில் கிண்ணப் போட்டி தொடங்கியபோது அவர்களுடைய இடங்களை மேல்நிலை வீரர் பெற்றனர். அவ்வணி ஏழாமிடத்தையே அடைந்தது. உழைத்துக் கதவைத் திறந்தவர் வாயிலிலே நிற்க, வேறொருவர் உள்ளே செல்வது நீதியா என்னும் வினா இன்னும் தீரவில்லை.

இவ்வரலாற்றினின்றும் தெளிவாகும் உண்மை யாதெனில், சிறந்த பன்னிருவர் என்பதும் சிறந்த அணி என்பதும் ஒன்றல்ல என்பதே. தெரிவாளர் தனித்திறனை எடைபோட வேண்டும். ஒருவர் திறனுக்கு மற்றவர் திறன் துணையாகுமா என்பதையும் எடைபோட வேண்டும். ஒன்றாகப் பழகுதற்குக் காலமும் கொடுக்க வேண்டும். இவற்றோடு, விலக்கப்படுவோர்க்குக் காரணத்தை வெளிப்படையாகக் கூறும் நேர்மையும் வேண்டும். 1984இல் தலைகுனிந்து வீடு திரும்பிய மூவரும் எட்டாண்டுகளின் பின் தங்கப் பதக்கம் அணிந்தனர். தெரிவு என்பது ஒரு நாளைக்குரிய தீர்ப்பு. ஒருவரின் ஆற்றலுக்கு அது முடிவுரையன்று.