உலாத் திருமேனியிலிருந்து காட்சிப்பொருள் வரை: தஞ்சைக் கலைக்கூடத்தை முன்வைத்து

முன்னுரை

தஞ்சை அரண்மனை வளாகத்தில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கலைக்கூடம், காவிரிப் படுகையில் கிடைத்த கற்சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் ஓரிடத்தில் காணும் வாய்ப்பை நல்குகிறது. வழிபாட்டிற்கென வார்க்கப்பட்ட திருமேனி காட்சிப்பொருளாகும்போது இழப்பன யாவை, அவ்விழப்பை அருங்காட்சியகம் எவ்வாறு ஈடுசெய்யலாம் என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருமேனியும் உலாவும்

கருவறையிலுள்ள மூலவர் இடம்பெயராதவர். செப்புத் திருமேனியோ வீதியுலாவிற்குரியது. பீடத்தில் காணப்படும் துளைகளும் வளையங்களும் திருமேனியைத் தண்டுகளோடு பிணைத்துத் தோளில் சுமப்பதற்காக அமைந்தவை. உலாவின்போது பட்டும் மலரும் அணிகளும் திருமேனியை மறைப்பதால், அடியவர் காண்பது பெரும்பாலும் முகமும் கைகளும் திருவடிகளுமே. கலைக்கூடத்தில் இந்நிலை தலைகீழாகிறது. சிற்பியின் கைத்திறன் முழுமையாகப் புலப்படுகிறது. திருமேனி இயங்கிய சூழல் மறைந்துவிடுகிறது.

திருவெண்காட்டுச் சான்று

இக்கூடத்தின் புகழ்பெற்ற திருமேனிகளுள் ஒன்று திருவெண்காட்டு இடபவாகன தேவர். இத்திருமேனியைக் குறிக்கும் 1011ஆம் ஆண்டுக் கல்வெட்டு திருவெண்காட்டுக் கோயிலில் உள்ளது. இறைவனின் வலக்கை எதன்மீதோ ஊன்றியது போன்று வளைந்துள்ளது. ஆயின் அங்கு இடபம் இல்லை. கல்வெட்டுச் செய்தியை அறிந்தவர்க்கே அவ்வெற்றிடம் பொருளுடையதாகிறது. அறியாதவர்க்கு அது அழகியதொரு நிற்கும் கோலம் மட்டுமே.

ஆவணமாக்கலின் தொன்மை

திருமேனிகளை ஆவணப்படுத்தும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனும் அவனைச் சார்ந்தோரும் அளித்த திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் ஆகிய அளவுகளிலும், கைகளின் எண்ணிக்கையையும், பீடத்தின் அமைப்பையும் பதிவு செய்துள்ளன. பொன் அணிகள் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கணக்கிடப்பட்டன. அத்திருமேனிகளுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. எழுத்தாவணம் மட்டும் நிலைத்துள்ளது.

பதிவின் இன்றியமையாமையை அண்மைக்கால நிகழ்வொன்றும் உணர்த்துகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் திருமேனி, 2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் வாங்கப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள் அதனை அடையாளம் காண உதவின. 2014ஆம் ஆண்டு அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒளிப்படம் இல்லாத ஊரின் திருமேனிக்கு இவ்வாறு ஊர் திரும்பும் வழி அரிது.

நாரா அருங்காட்சியகம்: ஓர் ஒப்பீடு

சப்பானில் 1895ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நாரா அருங்காட்சியகத்தில் பௌத்தக் கோயில்கள் தம் திருவுருவங்களை ஒப்படைத்து வைத்துள்ளன. காப்பது அருங்காட்சியகம், உரிமை கோயிலுடையது. இதற்கு நெருங்கிய நிலையைத் திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் இந்து சமய அறநிலையத் துறை நடத்தும் பாதுகாப்பு மையத்தில் காணலாம். பல கோயில்களின் திருமேனிகள் அங்குக் காக்கப்படுகின்றன. ஆனால் தஞ்சைக் கலைக்கூடத்திலுள்ளவற்றுள் பல புதையலாகக் கிடைத்தவை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். அரசின் வழியே கூடத்தை அடைந்த இத்திருமேனிகளுக்கும் அவற்றின் ஊர்களுக்கும் இடையே எஞ்சும் பிணைப்பு, பதிவேட்டில் உள்ள ஊர்ப்பெயரே.

முடிவுரை

திருமேனியின் பெயர், ஊர், நூற்றாண்டு ஆகியவற்றோடு விளக்கப்பலகை நின்றுவிடுதல் போதாது. அதனைக் குறிக்கும் கல்வெட்டு, கிடைத்த சூழல், இணைத் திருமேனிகள், இழந்துபோன உறுப்புகள் ஆகியவையும் தமிழில் இடம்பெறல் வேண்டும். இடபம் நின்ற இடம் இது என்று ஒரு வரி எழுதப்படின், காண்போர் அவ்வெற்றிடத்தையும் காண்பர். ஆயிரம் ஆண்டுகட்கு முன் கோயிற்சுவரில் விரற்கடை அளவும் விடாது பொறித்த மரபிற்கு இது அரிய செயலன்று.