எம். ஜே. கோபாலன்

மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (ஜூன் 6, 1909 – டிசம்பர் 21, 2003) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த துடுப்பாட்டக்காரர். வலக்கை வேகப்பந்து வீச்சாளர். துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம் ஆகிய இரண்டிலும் இந்திய அணிக்காக ஆடியவர். செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள மொரப்பாக்கத்தில் பிறந்தார்.

துடுப்பாட்டம்

அக்காலத்தில் பந்துவீச்சை மட்டுமே நம்பி வாழ இந்தியாவில் வழியில்லை. நிறுவனங்கள் வேலை கொடுத்து ஆட்டக்காரர்களைத் தாங்கின. சென்னை ஐரோப்பியர் அணியின் சி. பி. ஜான்ஸ்டன் இவரது திறமையைக் கண்டறிந்தார். கோபாலன் பர்மா ஷெல் நிறுவனத்தில் பணியில் அமர்ந்தார். இந்தியரும் ஐரோப்பியரும் பொங்கலையொட்டி மோதிய மாகாணப் போட்டிகளில் இவர் பெயர் பெற்றார்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராகத் தமது ஒரே தேர்வுப் போட்டியில் ஆடி ஓர் இழப்பைக் கைப்பற்றினார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகள் மோதிய ஆட்டத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் இவரே. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது; 130 ஓட்டங்கள் எடுத்த சென்னை ஓர் இன்னிங்ஸ், 23 ஓட்டங்களால் வென்றது. 11 இழப்புகளை வீழ்த்திய ஏ. ஜி. ராம்சிங்கே அன்றைய நாயகர்.

1936ஆம் ஆண்டுத் தெரிவு

1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆத்திரேலியா சென்ற வளைதடிப் பந்தாட்ட அணியில் கோபாலன் இடம்பெற்றார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கும் துடுப்பாட்ட அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே கோடையில் வந்தன. அவர் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தார். விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையிலான அவ்வணியில் மூன்று தேர்வுப் போட்டிகளுள் ஒன்றில்கூட அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகஸ்ட் 15 அன்று இலண்டன் ஓவலில் மூன்றாவது தேர்வுப் போட்டி தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் இந்தியா செருமனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது. இதே பயணத்தில் சென்னையின் மற்றோர் இரட்டை ஆட்டக்காரர், டென்னிசில் டேவிஸ் கோப்பை ஆடிய கோட்டா ராமசாமி, நாற்பது வயதில் இரு தேர்வுப் போட்டிகளில் ஆடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

சென்னை அணிக்காக நெடுங்காலம் ஆடிய இவர், முதல்தரப் போட்டிகளில் 194 இழப்புகளை வீழ்த்தினார். 1950களில் தொடங்கிச் சென்னை, இலங்கை அணிகளிடையே நடந்த போட்டிக்குக் கோபாலன் கோப்பை எனப் பெயரிடப்பட்டது. 1964இல் பத்மசிறீ விருது பெற்றார். சென்னையில் காலமானபோது, உயிருடனிருந்த தேர்வுப் போட்டி ஆட்டக்காரர்களுள் உலகிலேயே மூத்தவர் இவர்.