உறைபனியில் சார்ஜ் போடுமுன்

2024 ஜனவரியில் சிகாகோவில் கடுங்குளிர் அடித்தபோது சார்ஜ் நிலையங்களில் மின்சார கார்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. பிளக்கைச் செருகியும் பல வண்டிகளில் சார்ஜ் ஏறவில்லை; சிலவற்றைக் கட்டி இழுத்துப்போக வேண்டியதாயிற்று. பேட்டரி சில்லிட்டிருந்தால் கெட்டுப்போகாமலிருக்க காரே மின்சாரத்தை மட்டுப்படுத்திவிடும். நிலையத்தை அடையுமுன் பேட்டரியைச் சூடேற்றாத வண்டிகள் தவித்தன.

பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் நகர்வது எலக்ட்ரோலைட் என்ற திரவத்தில். அதன் முக்கியச் சேர்மானமான எத்திலீன் கார்பனேட் தனியாக இருந்தால் சுமார் 36 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். கிராஃபைட் முனையைக் காக்கும் படலம் உருவாக அது வேண்டும் என்பதால், இளக்கமான வேறு கார்பனேட்டுகளோடு கலக்கிறார்கள். குளிரில் அந்தக் கலவையும் தடித்துவிடுகிறது. அயனி தன்மேல் ஒட்டியிருக்கும் திரவ மூலக்கூறுகளை உதறிவிட்டுத்தான் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியும். அதுவும் அப்போது தாமதமாகும். அந்த நிலையில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால், நுழைய முடியாத லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படிகிறது. அது ஊசியாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட், தீ.

குளிரில் ஓட்டும்போது குறையும் கிலோமீட்டர் வெயில் வந்ததும் திரும்பிவிடும். குளிரில் சார்ஜ் போட்டு இழந்த கொள்ளளவு பெரும்பாலும் திரும்பாது. எனக்குக் கார்களைவிட மலிவான மின்சைக்கிள் பேட்டரிகள்தான் கவலை. குளிரில் சார்ஜை மட்டுப்படுத்தும் தடுப்பு அவை எல்லாவற்றிலும் இருப்பதில்லை. வெளியே நின்ற பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, சில்லிப்பு போனபிறகே சார்ஜரில் போடுங்கள்.

நிரந்தரத் தீர்வு திரவத்தை மாற்றுவதில் இருக்கிறது. 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளுக்கு நாசா மூன்று கார்பனேட்டுகளைக் கலந்து, மைனஸ் 20 டிகிரியிலும் இயங்கும் பேட்டரியை வைத்தது. 2022இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தார் டைபியூட்டைல் ஈதரைப் பயன்படுத்தினார்கள். அது அயனியை இறுகப் பிடிக்காது. மைனஸ் 40 டிகிரியில் அவர்களுடைய சோதனை பேட்டரி 87.5 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைத்தது. அது ஆய்வகத்து வெற்றி; கடைக்கு வரும்வரை கேள்வி கேட்பது வாங்குபவர் கையில்தான் இருக்கிறது.

குறைந்தபட்சம் எத்தனை டிகிரியில் சார்ஜ் செய்யலாம் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெறும் குளிர்காலக் குறைவு பொதுவாக உத்தரவாதத்தில் சேராது. கோடையிலும் கொள்ளளவு மீளவில்லை என்றால் கேட்க இடமுண்டு. எடுத்துக்காட்டாக நார்வேயில், நீண்டகாலம் உழைக்க வேண்டிய பொருளில் பழுதிருந்தால் 5 ஆண்டுவரை விற்றவரிடமே முறையிட நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. பழுது தெரிந்ததும் தள்ளிப்போடாமல், வெப்பநிலையும் சார்ஜ் அளவும் தெரியும் படங்களோடு எழுதிக் கொடுங்கள்.