கரண்டி நிற்கும் சூப்புக்குக் கறுத்த ஒயின்

சூப்போடு எந்த ஒயின் பொருந்தும் என்று கேட்டால், விருந்து மரியாதைகளில் ஊறிப்போன ஐரோப்பியர் பலர் சற்று முகத்தைச் சுளிப்பார்கள். சூப்பும் திரவம், ஒயினும் திரவம். ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றி வயிற்றைக் குளமாக்குவானேன் என்பது அவர்கள் கட்சி. ஆங்கிலேயர் மட்டும் தெளிந்த சூப்போடு ஒரு சிறு கிண்ணம் ஷெர்ரி அருந்துவதை நெடுங்காலம் வழக்கமாக வைத்திருந்தார்கள்.

ஆனால் பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்துக் குடியானவனிடம் போய் இதே கேள்வியைக் கேட்டால் அவன் சிரித்து விடுவான். அவன் ஊர் சூப்பைக் குடிக்க முடியாது, சாப்பிடத்தான் வேண்டும். 'கார்ப்யூர்' என்பது அதன் பெயர். காஸ்கனி, பேயார்ன் பிரதேசங்களில் தலைமுறை தலைமுறையாக இதுதான் குடியானவர் வீட்டு ஆகாரம். முதல் நாள் இரவே ஊறப்போட்ட வெள்ளை பீன்ஸ் விதையும் பன்றித் தொடை எலும்பும் பானையில் ஏறும். பிறகு டர்னிப், காரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு, நிறைய முட்டைக்கோஸ். கடைசியில் வாத்துக்கறி. அதுவும் உப்பிட்டு, தன் கொழுப்பிலேயே மெதுவாக வெந்து, அந்தக் கொழுப்பிலேயே ஜாடியில் மாதக்கணக்கில் மூழ்கியிருந்த கறி. பானையில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் அது கார்ப்யூர். ஒலொரோன் என்ற சிற்றூரில் இதற்கு 'உலகப் போட்டி' என்றே பெயரிட்டுச் சமையல் பந்தயம் நடத்துகிறார்கள். வேறு யாரும் இதைச் சமைப்பதில்லையாதலால் உலகப் பட்டம் உள்ளூரிலேயே தங்கிவிடும் என்பது என் ஊகம்.

இந்தச் சூப்புக்கு ஜோடி எது? பக்கத்திலேயே இருக்கிறது மதிரான் என்னும் கிராமம். 1948-ல் அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டபூர்வமான அங்கீகாரம் கிடைத்தது. அதாவது, அந்த வட்டாரத்தில் குறித்த முறைப்படி செய்த ஒயினைத் தவிர வேறொன்றுக்கு அப்பெயரைச் சூட்டக் கூடாது. அதில் பெரும் பங்கு 'டன்னாத்' என்ற திராட்சை. தோல் தடித்த கறுப்புப் பழம். இதன் இளம் ஒயினை வெறும் வாயில் குடித்தால், கொட்டைப் பாக்கைக் கடித்ததுபோல் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடிக்கும். அவ்வளவு துவர்ப்பு.

துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். அது நம் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு வாயை உலர வைக்கிறது. வாயில் கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவு இருக்குமானால் அதன் வேலை அங்கே திரும்பி விடுகிறது. உப்பும் சேர்ந்து கசப்பை மட்டுப்படுத்துகிறது. வாத்துக் கொழுப்பு படிந்த நாக்கை ஒயின் துடைக்கிறது. ஒயினின் முரட்டுத்தனத்தை வாத்துக் கொழுப்பு அடக்குகிறது. தனியே குடிக்க முடியாத ஒயினும், தனியே தின்றால் திகட்டும் சூப்பும் ஒன்றுக்கொன்று துணையாகி விடுகின்றன. இதை எந்த விஞ்ஞானியும் அந்தக் குடியானவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை உண்டு. கொதிக்கக் கொதிக்கச் சூப்பை விழுங்கிய கையோடு ஒயினைக் குடித்தால் சாராயத்தின் காரம் மட்டுமே மேலோங்கி நிற்கும். கிண்ணம் சற்று ஆறட்டும்.

மற்ற சூப்புகளுக்கும் பெரும்பாலும் இதே நியாயம்தான்: அந்தந்த ஊர்ப் பானைக்கு அந்தந்த ஊர்ப் புட்டி. மார்சேய் துறைமுகத்தின் 'புயாபேஸ்' என்ற மீன் சூப்புக்கு அருகிலுள்ள காஸிஸ் ஊரின் வெள்ளை ஒயின். மீனோடு துவர்ப்பு ஒயின் சேர்ந்தால் வாயில் உலோக வாடை தட்டக்கூடும். ஹங்கேரியின் மிளகாய்ப் பொடி போட்ட மாட்டிறைச்சிச் சூப்பான 'குயாஷ்'க்கு ஏகர் நகரத்துச் சிவப்பு ஒயின். மிளகாய் என்றதும் நம் மிளகுத் தண்ணீர் நினைவு வருகிறது. வெள்ளைக்காரர் அதை 'முல்லிகட்டானி' ஆக்கி, கறியும் சேர்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். காரத்தின் மேல் சாராயச் சத்து மிகுந்த துவர்ப்பு ஒயினை ஊற்றினால் எரிச்சல் இரட்டிக்கும். லேசான, இனிப்புச் சாயலுள்ள வெள்ளை ஒயினே அதற்குத் தாங்கும். என்னைக் கேட்டால், மிளகுத் தண்ணீருக்கு ஒரு தம்ளர் மோரே போதும்!

மீண்டும் காஸ்கனிக்குப் போவோம். அங்கும் அண்டைப் பிரதேசமான பெரிகோரிலும் சூப்பு முடியும் தருணத்தில் ஒரு சடங்கு உண்டு. காய்கறியையும் கறியையும் தின்றானபின் கிண்ணத்தின் அடியில் இரண்டு மூன்று கரண்டி சூடான சாறு மிச்சம் வைப்பார்கள். அதில் சிவப்பு ஒயினைத் தாராளமாக ஊற்றுவார்கள். கரண்டியைக் கவிழ்த்து வைத்து அது மூழ்கும்வரை ஊற்ற வேண்டும் என்பது பழைய கணக்கு. பிறகு இரு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கி, வாய்வைத்து, ஒரு சொட்டு விடாமல் குடிப்பார்கள். இதற்கு 'ஷாப்ரோ' என்று பெயர். ஆடு குடிப்பதுபோல் குடிப்பது என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். சாறும் வீணாவதில்லை, கிண்ணமும் கழுவினாற்போல் ஆகிவிடும். வறுமை கற்பித்த பாடம்தான். ஆனால் அதில் ஒரு கம்பீரமும் இருந்தது.

இருந்தது என்று சொல்லக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிச் சிறுவர்களுக்கும் மதிய உணவோடு ஒயின் கிடைத்தது; 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை 1956-ல் தடுத்தார்கள். நல்ல காரியம்தான். 1960 வாக்கில் தலைக்கு ஆண்டொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்த தேசம், இன்று அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. சூப்பே முழுச் சாப்பாடு என்ற நிலையும் போய்விட்டது. அடுப்பங்கரையில் காலையிலிருந்து பானையைக் காத்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

பானை இறங்கியதும் ஒயினுக்குத்தான் ஆபத்து வந்தது. துணையில்லாத டன்னாத்தை யார் குடிப்பார்கள்? 1990-களின் தொடக்கத்தில் பத்ரிக் துய்க்கூர்னோ என்ற மதிரான் ஒயின்காரர் ஒரு யுக்தி கண்டார். தொட்டியிலுள்ள ஒயினுக்குள் பிராணவாயுவை நுண்ணிய குமிழிகளாகச் செலுத்தினால் துவர்ப்பு பதமடைகிறது. அந்த முறை போர்தோ முதல் பல தேசங்களுக்கும் பரவிற்று. இன்று சூப்பில்லாமலே குடிக்கத்தக்க மதிரான் கிடைக்கிறது. வியாபாரத்துக்கு அது அவசியமே. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கார்ப்யூருக்கென்று புட்டி தேடுகிறவர் இந்தப் பதப்படுத்திய ஜாதியை வாங்கினால் ஏமாந்து போவார். வாத்துக் கொழுப்பின் முன் அது ஓய்ந்துவிடும். டன்னாத் அதிகமாகக் கலந்த, இன்னும் முரட்டுத்தனம் தீராத மதிரானையே கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து, அகன்ற கூஜாவில் ஊற்றிக் காற்றாட வைக்க வேண்டும். ஷாப்ரோவுக்கு மட்டும் வேறொரு மலிவான புட்டி போதும். பத்து வருஷம் காத்திருந்த ஒயினைச் சாற்றில் கொட்டினால் அந்த ஊர்க் கிழவர்களே சும்மா இருக்க மாட்டார்கள்.