சொன்னால் கேட்கும் வீடு - 9: எரியும், அணையாது

போனிலிருந்து வைஃபையில் வரும் கட்டளையை வாங்கி, அகச்சிவப்பு ஒளியாக மாற்றி அனுப்புகிற 'ஐஆர் பிளாஸ்டர்' என்ற கறுப்பு டப்பாவைப் பற்றிப் போன வாரமே பேசியாயிற்று. இந்த வாரம் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட் என்று சொல்லியிருந்தேன். நடுவில் திருமழிசையில் ஒரு வீட்டு ஹாலைப் பார்க்கப் போனேன். முதலில் அதைச் சொல்லியாக வேண்டும்.

சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். முழங்கால் வலி, அடிக்கடி எழுந்து சுவிட்ச் போட முடியவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள், ஹால் சுவிட்ச்போர்டுக்குள் ஒரு ரிமோட் கிட்டைப் பொருத்தச் சொல்லி, எதிர்ச் சுவர் அலமாரியில் ஐஆர் பிளாஸ்டரையும் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்.

"போட்டா உடனே எரியுது தம்பி. அணைக்கத்தான் முடியல. எத்தனையோ தடவை தட்டினா ஒரு தடவை கேக்குது" என்றார் பெரியவர்.

மகளின் புகார் வேறு. "நான் இங்கேருந்து தட்டினா ஆப்ல ஆஃப்னு காட்டுது சார். அப்பாகிட்ட கேட்டா இன்னும் எரியுதும்மாங்கறார்" என்றார் போனில். டப்பாவை மாற்றி வாங்கியும் பார்த்துவிட்டார்கள். புதியதும் அப்படியே.

அந்தக் கிட்டில் எரியவிடுவதற்கும் அணைப்பதற்கும் ஒரே பொத்தான்தான். அதாவது டப்பாவிலிருந்து போகும் சங்கேதம் இரண்டு முறையும் ஒன்றே. கேட்ட கட்டளையே இரண்டாம் முறை கேட்கவில்லை என்றால், இடையில் அறையில் மாறியது என்ன? டியூப்லைட் எரிகிறது, அவ்வளவுதான்.

முதலில் போனின் முன்பக்கக் கேமராவை டப்பாவுக்கு நேரே பிடித்தோம். (பல போன்களின் பின்பக்கக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும், முன்பக்கம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.) ஆப்பில் தட்டத் தட்ட, டப்பாவுக்குள் வெளிறிய ஊதா நிறத்தில் புள்ளிகள் மினுங்கின. அனுப்புவதில் குறையில்லை. அடுத்து ஃபேன். டியூப்லைட் எரியாதபோது அதே டப்பா சொன்னதும் ஃபேன் சுற்றியது, நின்றது. டியூப்லைட் எரிந்ததும் ஃபேனும் காது கொடுக்கவில்லை. கையில் இருந்த ரிமோட்டைச் சுவிட்ச்போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அழுத்தினால் மட்டும் எல்லாம் கேட்டது. பழுது டப்பாவில் இல்லை, விளக்கின் வெளிச்சத்தில் இருந்தது.

ரிமோட்டை வாங்கிக்கொள்ளும் 'கண்' சுவிட்ச்போர்டின் முகப்பில் ஒரு மிளகளவு கறுப்புக் குமிழாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. அது எல்லா ஒளியையும் மதிப்பதில்லை. ஒரு நொடிக்கு சுமார் 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்பை மட்டுமே கட்டளையாக எடுத்துக்கொள்ளும். வெயிலும் குண்டு பல்பும் அந்த வேகத்தில் துடிப்பதில்லை என்பதால் அவற்றைத் தள்ளிவிடும். ஆனால் இந்த வீட்டு டியூப்லைட்டில் இருந்தது எலெக்ட்ரானிக் சோக். பழைய காப்பர் சோக்கில் குழாய் நொடிக்கு நூறு முறைதான் மங்கி ஒளிரும். எலெக்ட்ரானிக் சோக்கோ பல்லாயிரம் முறை துடிக்க வைக்கிறது, அந்த ஒளியில் அகச்சிவப்பும் கொஞ்சம் கலந்திருக்கிறது. துடிப்பு 38,000-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கண்ணுக்கு விளக்கே ஓயாத ரிமோட்டாகத் தெரியும். ஓயாத இரைச்சல் வந்தால் தன் கூர்மையைத் தானே குறைத்துக்கொள்ளும்படிதான் அந்தக் கண்ணை வடிவமைத்திருக்கிறார்கள். எனவே எதிர்ச் சுவரிலிருந்து வரும் மெல்லிய கட்டளை அதற்கு எட்டாது. சாண் தூரத்து ரிமோட் எட்டும். இந்தத் தொல்லைக்காகவே நல்ல சோக் தயாரிப்பாளர்கள் 30 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியைத் தவிர்ப்பார்கள். மலிவான சோக்கில் அந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது.

இந்த 38 எங்கிருந்து வந்தது? இந்த வாரம் முழுக்க என்னை மகிழ்வித்த விஷயம் இதுதான். நம் வீட்டுப் பழைய மீடியம் வேவ் ரேடியோ, எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அதை உள்ளே 455 கிலோஹெர்ட்ஸாக மாற்றிக்கொண்டுதான் பெருக்கும். ரேடியோவே ஒரு மாற்றுக்கருவி! உலகம் முழுக்க ரேடியோக்களுக்காக 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் துண்டுகள் மலைமலையாகத் தயாராயின, விலையும் சல்லிசு. ரிமோட் செய்தவர்கள் அதையே எடுத்து, அதன் துடிப்பைப் பன்னிரண்டால் வகுத்தார்கள். 455-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள்: 37.9. அதைத்தான் 38 என்கிறோம். பிலிப்ஸ் வழியில் வந்த ரிமோட்டுகள் 36, சோனி 40 என்று கொஞ்சம் தள்ளி நின்றாலும், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கிட்டுகளில் பெரும்பாலானவை 38-தான். வானொலிக்காகப் பிறந்த எண் இன்று படுக்கையறை விளக்கை அணைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதைவிட இனிமையான தகவல் சமீபத்தில் கிடைக்கவில்லை.

வெளிச்சத்தை வெளிச்சம் மறிப்பதும் புதிதல்ல. 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்துக்காக யூஜின் பாலி உருவாக்கிய 'ஃபிளாஷ்-மேட்டிக்' டிவி ரிமோட், டார்ச் போன்ற கைக்கருவிதான். டிவியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் கண்கள். ஜன்னல் வழியே வெயில் அந்தக் கண்களில் விழுந்தால் டிவி தானாகச் சேனல் மாறிவிடும். அடுத்த ஆண்டே ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டுவிட்டு, காதுக்குக் கேட்காத ஒலிக்குப் போய்விட்டார். அகச்சிவப்பு திரும்பி வந்தபோது, நொடிக்கு இத்தனை துடிப்பு என்ற அடையாளத்தோடு வந்தது. அந்த அடையாளத்தைத்தான் திருமழிசை டியூப்லைட் தெரியாமல் போட்டுக்கொண்டது.

வைத்தியம் எளிது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுருட்டி, அந்தக் குமிழுக்கு விரற்கடை நீளத்தில் ஒரு குழல் செய்து, டப்பாவைப் பார்த்தபடி ஒட்டினோம். மேலிருந்து விழும் டியூப்லைட் ஒளி மறைந்தது. எதிர்ச் சுவரின் கட்டளை நேரே நுழைந்தது. பெரியவர் தட்டினார், அணைந்தது. மறுபடி தட்டினார், எரிந்தது. நிரந்தரத் தீர்வாகப் பிறகு எல்இடி பேட்டன் மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் மகளின் புகார் இதில் தீராது. ஆப்பில் தெரியும் 'ஆஃப்', விளக்கு அணைந்தது என்பதற்குச் சாட்சி அல்ல; டப்பா சொல்லிவிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. அகச்சிவப்பில் பதில் பேச்சு கிடையாது. இந்த ஊரில் இதைச் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. திருமழிசை ஆழ்வார் புறப்படச் சொன்னதும் காஞ்சி திருவெஃகா பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார், திரும்பச் சொன்னதும் வந்து படுத்தார். சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்ற பெயர் அதனால்தான். போய்த் திரும்பியதற்கு அடையாளமாக வழக்கத்துக்கு மாறாகத் திசை மாறிக் கிடக்கிறார் என்பார்கள். கட்டளை நடந்தேறியதை அவர் கோலமே சொல்லிவிடுகிறது. நம் விளக்குகளுக்கு வேண்டியது அதுதான்: தன் நிலையைத் தானே திருப்பிச் சொல்லும் ஸ்மார்ட் சுவிட்ச். பிளாஸ்டரோடுதான் வாழ வேண்டும் என்றால், எரிக்க ஒரு பொத்தான், அணைக்க ஒரு பொத்தான் என்று தனித்தனியாக உள்ள ரிமோட் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். அப்போது சந்தேகம் வந்தால் 'ஆஃப்' கட்டளையை மூன்று முறை அனுப்பலாம், தவறில்லை. ஒரே பொத்தான் கிட்டில் இரண்டாவது முறை அனுப்பியதே மறுபடி எரியவிட்டுவிடும். கரண்ட் போய் வந்தால் ஆப்பும் விளக்கும் ஆளுக்கொரு நிலையில் நிற்பதும் இதே கிட்டுகளில்தான்.

433 அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டு கேட் ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். சின்ன 12 வோல்ட் பேட்டரிக்குப் பக்கத்தில் பளபளப்பான வட்ட உலோக டப்பி ஒன்று இருந்து, அதில் 433 என்று பொறித்திருந்தால், அந்த ரிமோட்டுக்குச் சுவர் ஒரு தடையில்லை. அதன் சிக்கல்கள் வேறு. பக்கத்து வீட்டு கேட்டிலிருந்து தொடங்குவோம்.