ஒரு நாள் முன்னால் வந்த பிறந்தநாள்

அம்மாவின் பிறந்தநாள் மே 10. சென்னை வீட்டுக் கம்ப்யூட்டரில், காலண்டர் மென்பொருளில் குறித்து வைத்தாயிற்று. நியூயார்க்கில் இருக்கும் மகள் அதே காலண்டரைத் தன் லேப்டாப்பில் திறக்கிறாள். பிறந்தநாள் மே 9-ஆம் தேதிக் கட்டத்தில் நிற்கிறது. தேதியை யாரும் மாற்றவில்லை.

காலண்டர் மென்பொருள் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் பிழை இது. ‘நாள் முழுவதும்’ என்று குறித்ததை மென்பொருள் ஒரு நேரமாக மாற்றிச் சேமித்துவிடுகிறது: மே 10, நள்ளிரவு 12 மணி, யுடிசி என்னும் உலகப் பொது நேரப்படி. அப்போது நியூயார்க்கில் மே 9 இரவு 8 மணி. சென்னையிலோ மே 10 விடிகாலை 5.30; தேதி சரியாகவே தெரியும். இந்தியாவில் உட்கார்ந்து சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படாமலே போவது இதனால்தான்.

இதற்கு மருந்து பழையது. காலண்டர் தகவல்களைப் பரிமாறுவதற்கான ஐகாலண்டர் வடிவம், 1998-லேயே தேதியையும் நேரத்தையும் வெவ்வேறு வகைகளாகப் பிரித்துவிட்டது. பிறந்தநாளுக்கு வெறும் தேதி போதும்; மணியும் வேண்டாம், நேர மண்டலமும் வேண்டாம். ஆனால் அங்கேயும் கவனம் தேவை. மே 10 அன்று மட்டும் நடக்கும் நிகழ்ச்சிக்கு முடிவுத் தேதி எழுதினால், அந்த வடிவத்தில் அது மே 11. முடிவு நாள் கணக்கில் சேராது. இது தெரியாமல் கைவைத்தால், ஒரு நாள் விழா இரண்டு கட்டங்களுக்கு நீண்டுவிடும்.

மாதக் கட்டங்களை வரைவதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘இன்றோடு 24 மணி நேரத்தைக் கூட்டினால் நாளை’ என்று எழுதுவது எளிது. பிரேசிலின் சாவோ பாவுலோவில் 2018 பிப்ரவரி 17-ஆம் தேதியின் இறுதியில் நள்ளிரவு 12 ஆனதும், கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரம் மறுபடி 11 மணிக்குத் திரும்பியது. அந்த நாளுக்கு 25 மணி நேரம். நாளின் தொடக்கத்தோடு 24-ஐக் கூட்டினால் இன்னும் 17-ஆம் தேதி இரவு 11 மணிதான். திரையில் 17 இரண்டு முறை வரும். நாளைக் கூட்ட வேண்டிய இடத்தில் மணியைக் கூட்டியதன் விளைவு.

ஆண்டுகளை எண்ணுவதிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ‘ஜூன்’ (Zune) மியூசிக் பிளேயர்கள் உலகெங்கும் உறைந்து நின்றன. அவற்றில் இருந்தது, நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும்வரை ஆண்டுகளைக் கழித்துக்கொண்டே போகும் நிரல். லீப் ஆண்டென்றால் 366-க்கு மேல் இருந்தால்தான் கழிக்கும். லீப் ஆண்டான 2008-இன் அந்தக் கடைசி நாளில் எண்ணிக்கை சரியாக 366. கழிக்கவும் வழியில்லை, வெளியேறவும் வழியில்லை.

திருத்தம் பெரும்பாலும் ஓரிரு வரிதான். உழைப்பைக் கேட்பது டெஸ்டிங். முதலில் பிழையை அப்படியே மீட்டெடுக்கும் ஒரு சோதனையை எழுதி, அது தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்; பிறகே நிரலைத் தொட வேண்டும். ‘இப்போது மணி என்ன’ என்று கம்ப்யூட்டரைக் கேட்காமல், தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி நிரல் இருந்தால், எந்த நாளையும் எந்த ஊரையும் வரவழைத்துச் சோதிக்கலாம். பிப்ரவரி 29, டிசம்பர் 31, யுடிசியை விட 5 மணி 45 நிமிடம் முந்தியிருக்கும் நேபாளம், 14 மணி நேரம் முந்தியிருக்கும் கிரிபாட்டியின் கிரிட்டிமாட்டி தீவு, 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லாத சமோவா எல்லாம் சோதனைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இலங்கையும் இருக்க வேண்டும். 2006 ஏப்ரலில் அந்நாடு கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்கு வைத்தது. அதற்கு முன்பே மே மாதத்துக்குக் குறித்த காலை 10 மணிச் சந்திப்பை யுடிசியாக மாற்றிச் சேமித்த மென்பொருள், மாற்றத்துக்குப் பின் 9.30 என்று காட்டும். ‘10 மணி, கொழும்பு’ என்றே சேமித்திருந்தால் நகராது. சோதனையும் அதுவே: பழைய விதியில் பதிந்து, புதிய விதியில் திறந்தால், திரையில் 10 வர வேண்டும்.